புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியுமா? (நாகை – வேதாரண்யம் – முத்துப்பேட்டை கரை)

#1 கரைவலை

ஐப்பசி பிறந்தாச்சு. நாலு ஊருக்கும் சேர்த்து ஒரு பக்கத் துண்டறிக்கை அடிக்கணும். பழைய அறிக்கையில "3-ம் எண் கூண்டு ஏத்தினா படகை மேல இழு, 7-ம் எண் ஏத்தினா ஊரைக் காலி பண்ணு"ன்னு இருக்கு. இது சரியா? எண் கூடக் கூட கடல் உள்ள வர்றதும் கூடும்னு எடுத்துக்கலாமா? படகு கட்டுறது, புயலுக்கு அப்புறம் கிணறு சுத்தம் பண்றது, கரையில கல் கொட்டுறது பத்தியும் தெரிஞ்சவங்க எழுதுங்க. அளவோட எழுதினா உபயோகமா இருக்கும்.

#2 வாடைக்காற்று

அந்தத் துண்டறிக்கையைத் தயவுசெய்து மறுபடி அடிக்காதீர்கள். கூண்டு என்பது துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குச் சொல்கிற சேதி. கரையோர ஊருக்காக ஏற்றுவது அல்ல.

1, 2 தொலைவில் இருக்கும் புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய புயல் என்று அர்த்தமில்லை.

எல்லோரும் தடுமாறுவது 5-க்கும் 7-க்கும் நடுவில்தான். அங்கே எண் ஏறுவதால் வலு ஏறுவதில்லை. 5 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம் இருக்கிறது, 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ கடக்கிறது. 8, 9, 10-ம் இதே வரிசைதான், புயலின் தீவிரம் மட்டும் கூடுதல். அதனால் கிழக்கே பார்த்த கரையில், தண்ணீர்க் கணக்குக்கு 8-ஐவிட 9 மோசம். சில நேரம் 8-ஐவிட 6 மோசமாகவும் அமையும்.

#3 நெய்தல்2

இடம் வலம்னா எங்க நின்னு பாக்கணும்? கரையில நின்னு கடலைப் பாத்தா வடக்கு இடக்கைப் பக்கம்ல வரும்?

#4 வாடைக்காற்று

கரையில் நிற்காதீர்கள், புயலின் முதுகில் ஏறி அது போகிற திசையைப் பாருங்கள். கிழக்கிலிருந்து மேற்கே வருகிற புயலுக்கு வலக்கை வடக்கு.

நம் பக்கம் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். ஆகவே மையத்துக்கு வடக்கே இருக்கிற ஊருக்கு முதலில் வடகிழக்கு, பிறகு கிழக்கு, பிறகு தென்கிழக்கு என்று காற்று திரும்பும். மூன்றுமே கடலிலிருந்து கரைக்கு அடிப்பவை, தண்ணீரைக் கொண்டுவந்து குவிப்பவை. மையத்துக்குத் தெற்கே இருக்கிற ஊருக்கு வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. காற்று அதே வேகம்தான், ஆனால் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளும்.

துண்டறிக்கைக்குக் கூண்டை விட்டுவிட்டு வானிலைத் துறையின் நான்கு கட்ட அறிவிப்பை எடுங்கள்: 72 மணி நேரத்துக்கு முன் முன்கவனிப்பு, 48-க்கு முன் மஞ்சள், 24-க்கு முன் ஆரஞ்சு, 12-க்கு முன் சிவப்பு. கடல் எவ்வளவு உயரும், எந்த மாவட்டத்தின் தாழ்வான பகுதிக்குள் வரும் என்பதெல்லாம் அந்த அறிவிப்பில்தான் இருக்கும்.

#5 அலையாத்தி

வாடைக்காற்று சொன்னது நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் அப்படியே பொருந்தும். கோடியக்கரையைத் தாண்டி மேற்கே திரும்பினால் பொருந்தாது. அங்கே கரை தெற்கே பார்த்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் எல்லாம் பாக் நீரிணைப் பக்கம்.

கஜா புயல் 2018 நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி, 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி மேற்கே போனது. இப்படி ஒரு புயல் வரும்போது தெற்கு பார்த்த கரைக்கு முதலில் அடிப்பது வடக்கு, வடமேற்குக் காற்று. கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. கடல் உள்வாங்கும், அடிச்சேறு தெரியும், ஜனங்கள் டார்ச் எடுத்துக்கொண்டு பார்க்கப் போவார்கள். மையம் மேற்கே நகர்ந்ததும் காற்று தென்மேற்கு, தெற்கு என்று மாறும். வெளியே தள்ளப்பட்ட தண்ணீரும் நீரிணையில் மிச்சம் இருக்கிற தண்ணீரும் சேர்ந்து, அடியில் கிடக்கும் சேற்றைக் கலக்கி எடுத்துக்கொண்டு கரை ஏறும். அறிக்கையில் ஒரே ஒரு வரி தடித்த எழுத்தில் போடுவதென்றால், தெற்கு பார்த்த கரைக்காரர்களுக்கு இதைப் போடுங்கள்: கடல் உள்வாங்கினால் ஆபத்து போய்விட்டது என்று இல்லை, பாதிதான் ஆகியிருக்கிறது.

இன்னொன்று ஆழம். காற்று தண்ணீரைக் குவிப்பது காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், நீரின் ஆழத்துக்கு ஏற்பக் குறையும். வேகம் 80-லிருந்து 120 கி.மீ.க்கு ஏறினால் ஒன்றரை மடங்குதான், ஆனால் தள்ளும் விசை இரண்டே கால் மடங்கு. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர்கூட ஆழமில்லை. ஆழ்கடலில் குவியும் தண்ணீருக்கு அடியில் திரும்பி ஓட இடம் உண்டு, இங்கே அது இல்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியையும் பாம்பன் பாசஞ்சர் ரயிலையும் கொண்டுபோனதில் இந்த ஆழமின்மைக்குப் பெரிய பங்கு உண்டு.

#6 கரைவலை

இது யாரும் சொல்லலைங்க, நன்றி. இப்ப கேள்வி: அறிவிப்புல "1 மீட்டர்"னு போட்டா என் வீட்டு வாசல்ல எவ்வளவு?

#7 ஓதக்கணக்கு

"வழக்கமான ஓதத்தைவிட 1 மீட்டர் கூடுதல்" என்றுதான் அறிவிப்பு வரும். இதில் "ஓதத்தைவிட" என்பதைப் பாதிப் பேர் படிப்பதே இல்லை. ஓதம் என்றால் கடல் தினமும் ஏறி இறங்குவது. அந்த ஒரு மீட்டரோடு, கரை கடக்கும் நேரத்தில் ஓதம் எந்த மட்டத்தில் இருக்கும் என்பதை நீங்கள்தான் கூட்ட வேண்டும். அதற்கு மேல் அலை உடைந்து உடைந்து கரையில் தேங்கும் உயரம் வேறு.

காற்றழுத்தம் குறைவதும் இதில் சேரும். 1 மில்லிபார் குறைந்தால் கடல் 1 செ.மீ. ஏறும். சாதாரணமாக 1010, புயல் மையத்தில் 980 என்றால் 30 செ.மீ. இது வானிலைத் துறை சொல்லும் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும், மறுபடி கூட்டாதீர்கள்.

கஜாவுக்கும் முன்னறிவிப்பு சுமார் 1 மீட்டர்தான். ஆனால் அன்று வளர்பிறை அஷ்டமி ஒட்டிய நாள், ஓதம் மந்தமாக இருக்கும் காலம். அதே புயல் ஒரு வாரம் தள்ளி நவம்பர் 23, கார்த்திகை தீபப் பௌர்ணமியன்று, ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில் வந்திருந்தால் கணக்கே வேறு. நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், இருந்தாலும் தரை இவ்வளவு தட்டையாக இருக்கும்போது 30 செ.மீ.கூடப் பெரிய தொகை. ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால், 30 செ.மீ. கூடுதல் தண்ணீர் 300 மீட்டர் கூடுதலாக உள்ளே வரும்.

வாசல் மட்டம் தெரிய வேண்டுமானால் பொதுப்பணித் துறை மட்டக்கல் (உயரம் குறித்த கல்) அருகில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பௌர்ணமி ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில் கழிமுகத்தில் ஒரு கம்பு நட்டுக் குறியிட்டு, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் தெருவரை கொண்டு வாருங்கள். 30 மீட்டர் டியூப் ஒன்று போதும், குழாய்க்குள் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. அந்தக் குறிக்கு மேல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று மின்கம்பத்தில் பெயின்ட் அடித்துவிட்டால் அறிக்கையே தேவையில்லை.

#8 மரக்கலம்

படகு கட்டுவதற்கு வருகிறேன்.

துறைமுகத்துக்குள் நிற்கும் விசைப்படகு மூழ்குவதற்கு முக்கியக் காரணம் காற்று இல்லை. கயிற்றை இழுத்து முறுக்கிக் கட்டிவிட்டுப் போவதுதான். தண்ணீர் 2 மீட்டர் ஏறும்போது படகும் ஏற வேண்டும். கட்டுக்கல் 2 மீட்டர் தூரத்தில் இருந்து, கயிறும் சரியாக 2 மீட்டர் என்றால், ஏறிய பிறகு 2.83 மீட்டர் தேவைப்படும். 83 செ.மீ. பற்றாது. ஒன்று கயிறு அறும், அல்லது அந்தப் பக்கம் விளிம்பு அமிழ்ந்து தண்ணீர் ஏறும். அதே கட்டுக்கல் 6 மீட்டர் தள்ளி இருந்தால் 6.32 போதும், 32 செ.மீ. தளர்வு விட்டால் சரி. அதனால் பக்கத்துக் கல்லை விட்டுவிட்டு எட்டத்தில் இருக்கிற கல்லில் கட்டுங்கள்.

நங்கூரத்தில் நிற்பதாக இருந்தால் கயிறு நீளம், ஆழத்தைப் போல் 7 மடங்கு. ஆழத்தில் புயல் ஏற்றத்தையும் அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்தையும் சேர்க்க வேண்டும்: தண்ணீர் 4, ஏற்றம் 1.5, அணியம் 1, ஆக 6.5. ஏழால் பெருக்கினால் 45 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 25 மீட்டர் விட்டுவிட்டு நங்கூரம் இழுபடுகிறது என்று குறை சொல்வதில் பயனில்லை.

நைலான் கயிறு நீண்டு கொடுக்கும், குலுக்கலைத் தாங்கும். பி.பி. (பாலிபுரோப்பிலீன்) கயிறு அப்படி இல்லை, வெயிலில் கிடந்தது என்றால் நம்பவே கூடாது. உரசும் இடத்தில் பழைய ஹோஸைக் கீறிச் சுற்றுங்கள். புதுக் கயிறு அறுவது உரசலில்தான்.

ஃபைபர் படகை மேலே இழுத்த பின் தென்னையில் கட்டாதீர்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, கஜாவில் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. மரம் படகின் மேலேயே விழும். பனை பரவாயில்லை. நம்பகமானது புதைகட்டை: ஒன்றரை மீட்டர் நீளப் பனந்துண்டு, ஒன்றரை மீட்டர் ஆழக் குழி. குழியின் படகுப் பக்கச் சுவரைச் செங்குத்தாக வெட்ட வேண்டும், கயிறு மேலே வர ஒரு சாய்ந்த கீறல். கட்டையைப் போட்டு, மணலை அடுக்கடுக்காக நனைத்து மிதித்து மூட வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் போதாதா என்பார்கள். காய்ந்த மணலுக்குப் போதும். மணல் நீரில் மூழ்கினால் அதன் எடை கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும், அப்போது கட்டை பிடுங்கிக்கொள்ளும்.

#9 சுக்கான்

> மரக்கலம்: ஃபைபர் படகை மேலே இழுத்த பின்…

டிரெயின் பிளக்கைப் (படகுல தண்ணி வடியுற துளைக்கு மூடி) பற்றிச் சொல்லலையே. மூடி வச்சு உள்ளே தண்ணி நிரப்பினா 500 லிட்டருக்கு அரை டன் பாரம். காத்து தூக்காது.

#10 மரக்கலம்

காற்று மட்டும் வரும் மேட்டில் என்றால் ஒப்புக்கொள்கிறேன், நல்ல வழி. கடல் எட்டும் இடத்தில் வேண்டாம். மூடிய படகு மிதக்கும், மிதந்தால் பக்கத்துப் படகில் இடிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டால் ஏறுகிற தண்ணீர் உள்ளேயும் வரும், படகு கட்டுக்குள்ளேயே மெதுவாக எழும், வடியும்போது தானாகக் காலியாகும். ஒரே நிபந்தனை: காற்றறைகளில் விரிசல் இருக்கக் கூடாது. விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்துவிடும், பிறகு படகு எப்போதும் கனமாகவே ஓடும், காரணமும் தெரியாது.

#11 கொண்டல்

ஆழ்கடல் தங்கல் படகுகளுக்குத் தனி வரி போடுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்துக்காரர்கள் மாட்டியது, எச்சரிக்கை வரும் முன்பே கடலுக்குள் இருந்ததால். 200 கடல்மைலில் இருக்கும் படகு 7 நாட் (மணிக்கு 7 கடல்மைல்) வேகத்தில் திரும்ப 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 24 மணி ஆரஞ்சு அறிவிப்பு அவர்களுக்கு லேட். 72 மணி முன்கவனிப்பிலேயே கூப்பிட வேண்டும். கையில் வைத்திருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ அந்தத் தூரம் எட்டாது, செயற்கைக்கோள் வழி வரும் கருவிதான் கேட்கும். கடலோரக் காவல்படை எண் 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

#12 ஊற்று

கிணறு. இதில்தான் நல்ல எண்ணத்தோடு நிறையக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கடல் புகுந்த கிணற்றை மோட்டார் போட்டு நாள் கணக்கில் இறைக்காதீர்கள். கரையோர மணலில் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு தொன்னை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தினாலும் அடியிலிருந்து உப்பு கூம்பு போல ஏறிவரும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கிழக்குக் கரையில் மட்டக்களப்புப் பக்கம் படித்த பாடம் இது. குப்பை, சேறு, செத்ததை எடுக்க ஒரே ஒரு தடவை இறைக்கலாம். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். புயலுக்குப் பின்னும் பருவமழை மிச்சம் இருப்பது நமக்குள்ள சௌகரியம்.

உப்பு எவ்வளவு சீக்கிரம் கெடுக்கும் என்பதற்கு: 1 மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணறு, 2 மீட்டர் தண்ணீர் என்றால் 1,570 லிட்டர். அதில் 5 சதவீதம், அதாவது 78 லிட்டர் கடல்நீர் கலந்தால் லிட்டருக்கு சுமார் 1,750 மில்லிகிராம் உப்பு ஏறும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000. ஆறு குடம் கடல்நீர் போதும், கிணறு போச்சு.

பிளீச்சிங் பவுடர் கிருமிக்குத்தான், உப்பை எடுக்காது. அளவு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம், மேலே சொன்ன கிணற்றுக்கு 4 கிராம். கலங்கல் இருந்தால் கூட்டணும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் விட வேண்டும். பாக்கெட் திறந்து மாதக் கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் இருக்காது, வாசனை மட்டும்தான் இருக்கும்.

#13 நெய்தல்2

எங்க ஊர்ல கல் சுவர் வேணும்னு எல்லாரும் கேக்குறாங்க. அதுக்கு மேல கடல் வராதுன்னு நினைப்பு.

#14 தூண்டில்வளைவு

கல்லைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கல்லின் எடை அலை உயரத்தின் மூன்றாம் படியில் கூடும். கரடுமுரடான கருங்கல், 2-க்கு 1 சரிவு (2 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) என்று வைத்தால் 2 மீட்டர் அலைக்குச் சுமார் 1.3 டன் கல் வேண்டும், 3 மீட்டர் அலைக்கு 4.5 டன். லாரியில் வந்து கொட்டுகிற 200, 300 கிலோ கல்லெல்லாம் ஒரு பருவத்துக்கு.

இதில் கடல்மட்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள். சுவர் அடியில் மோதும் அலை, அங்குள்ள ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் இருக்க முடியும், அதற்குமேல் உடைந்துவிடும். அடியில் ஆழம் 2.5 மீட்டர் என்று கணக்கிட்டுக் கட்டிய சுவர், கடல் 10 செ.மீ. ஏறி, சுவர் முன்னால் மணல் 40 செ.மீ. அரித்து 3 மீட்டர் ஆகிவிட்டால், தேவையான கல் 1.2 டன்னிலிருந்து 2.1 டன்னுக்குப் போய்விடும். சுவரில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் சுவர் தோற்றுவிட்டது.

இன்னொரு தோல்வி கண்ணுக்குத் தெரியாதது. கல்லுக்கு அடியில் வடிதுணி போடாமல், மேல்கல்லின் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள கீழடுக்கும் போடாமல் நேராக மணலில் கொட்டினால், ஒவ்வொரு அலையும் திரும்பும்போது கல் இடுக்கு வழியாக மணலை உறிஞ்சும். சுவர் சரியாது, அப்படியே இறங்கும். மேலே மறுபடி கல் கொட்டுவார்கள்.

சுவர் முடியும் இடம்தான் பக்கத்து ஊர்க்காரனின் தலைவலி. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் மட்டும் எதிர்த்திசை, கூட்டிக் கழித்தால் வடக்கே. குறுக்கே எதையாவது நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா, வடக்கே ராயபுரம், எண்ணூர். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகக் கற்கரை வந்தது, வடக்கே நகரக் கடற்கரை போனது, கல் கொட்டினார்கள், அரிப்பு சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே நகர்ந்தது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போடுவதுதான் அதற்குப் பரிகாரம், அதை ஒழுங்காகச் செய்திருந்தால் பாதிக் கல் மிச்சம். தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் அலைத்தடுப்பு வைத்த பிறகு நகரக் கடற்கரையில் மணல் திரும்பியது.

நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 1990–2018 இடையே தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருந்தது. கோடியக்கரைப் பக்கம் சேர்மானமும் உண்டு. அங்கே போய்க் கல் கேட்பது பணத்தைக் கடலில் போடுவது.

#15 அலையாத்தி

கல் கேட்கும் ஊரில் மணல்மேடு இன்னும் இருந்தால் அதை வெட்டாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடிக்கும், காசு கேட்காது. மேட்டைச் சமன் செய்து சவுக்கு நட்டால் அடியில் நிழல் விழுந்து அந்த இரண்டும் போய்விடும். படகு இழுக்கும் பாதையை மேட்டுக்குக் குறுக்கே நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள், நேர்வெட்டு வழியாகத்தான் கடல் முதலில் நுழையும்.

#16 ஓதக்கணக்கு

கடல்மட்டம் என்றால் எல்லோரும் கரையைத்தான் பார்க்கிறார்கள். டெல்டாவில் அது முதலில் தெரியும் இடம் கடைமடை ரெகுலேட்டர்.

அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு எல்லாம் கடலில் விழும் முன் ஷட்டர் வைத்திருக்கிறார்கள். ஓதம் ஏறும்போது மூடி உப்பைத் தடுக்க, இறங்கும்போது திறந்து மழைநீரை வடிக்க. பம்பு கிடையாது, மட்ட வித்தியாசம்தான் எல்லாம். ஓதம் நடுமட்டத்துக்கு மேலும் கீழும் 30 செ.மீ. ஆடுகிறது, வடிகாலில் தண்ணீர் நடுமட்டத்தைவிட 10 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் சுமார் பதினான்கரை மணி நேரம் வடியும். கடல் 10 செ.மீ. ஏறினால் 12 மணி நேரம். வடிகிற அந்த நேரத்திலும் வீழ்ச்சி குறைவு, வேகம் குறைவு.

வட இந்தியப் பெருங்கடலில் 1993–2015 காலத்தில் ஆண்டுக்கு 3.3 மி.மீ. வீதம் ஏறியிருக்கிறது. அந்த 10 செ.மீ.க்கு முப்பது வருஷம். தலைஞாயிறு பக்கம் வயலில் தண்ணீர் முன்பு மூன்று நாளில் வடிந்தது இப்போது ஐந்து நாள் நிற்கிறது என்றால் வடிகாலை அடைக்கும் ஆகாயத்தாமரையை மட்டும் குறை சொல்ல முடியாது. சரி, அதையும் எடுக்கத்தான் வேண்டும்.

#17 கரைவலை

நாலு ஊர்ல ரெண்டு ஊர் கிழக்குப் பார்த்தது, ரெண்டு தெற்குப் பார்த்தது. ரெண்டு அறிக்கையா அடிச்சிடுறேன். கடைசியா ஒண்ணு: கடல்தண்ணியும் சேறும் புகுந்த அவுட்போர்டு மோட்டாரை (படகு பின்னால மாட்டுறது) என்ன செய்யணும்? அடுத்த நாளே மெக்கானிக் கிடைக்க மாட்டாங்க.

#18 சுக்கான்

ஓடுதான்னு பாக்க கயிறு இழுக்காதீங்க, அதுலதான் கனெக்டிங் ராடு வளையும். அன்னிக்கே திறக்க முடிஞ்சா: நல்ல தண்ணியில வெளிய கழுவி, ஸ்பார்க் பிளக் கழட்டி, மோட்டாரைப் பிளக் துளை கீழ பாக்குற மாதிரி சாய்ச்சு, ஃப்ளைவீலைக் கையால மெதுவாச் சுத்துங்க. தண்ணி நின்னதும் ஒவ்வொரு துளையிலயும் ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து கொட்டணும், டேங்க் பெட்ரோலையும் மாத்தணும். சுத்தும்போது மணல் கரகரன்னா அத்தோட நிறுத்திடுங்க.

அன்னிக்குத் திறக்க ஆள் இல்லைன்னா காய வைக்காதீங்க. காத்து பட்ட பிறகுதான் துரு ஓடும். ஒரு பிளாஸ்டிக் டிரம்ல நல்ல தண்ணி நிரப்பி மோட்டார் தலையை முழுக்க முக்கி வச்சிடுங்க, மெக்கானிக் வந்த பிறகு எடுக்கலாம். புயலுக்கு முன்னாடியே அந்த டிரம்மை நிரப்பி மேட்டுல வச்சிருக்கணும், அப்புறம் நல்ல தண்ணிக்கு எங்க போவீங்க.